கிராவல் பைக்கிங்னா என்ன? மதுரையைச் சுற்றி எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக் கூடாது? முழு விவரம்

'கிராவல்' என்ற சொல் மதுரைக்காரர்களுக்குப் புதுசு இல்லை. ரோடு போட, மனைக்கு மண் நிரப்ப, கண்மாயில் அள்ளி லாரியில் போகும் செம்மண் சரளைக்குத்தான் ஊரில் கிராவல் என்று பேர். திருட்டுத்தனமாக கிராவல் அள்ளிய லாரி பறிமுதல் என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது வரும். ஆனால் அதே கிராவல் மேல் சைக்கிள் ஓட்டுவது உலகம் முழுக்க ஒரு விளையாட்டாக வளர்ந்துவிட்டது. அதற்கென்றே தனி சைக்கிள், தனிப் போட்டி, உலக சாம்பியன்ஷிப் வரை வந்தாச்சு.

மதுரை போன்ற ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும்? அதற்கு லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டுமா? மலையடிவாரத்தில் ஓட்டினால் வனத்துறை பிடிக்குமா? இந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிராவல் பைக்கிங் என்றால் என்ன?

தார் ரோட்டில் வேகமாக ஓட்டுவது ரோடு சைக்கிளிங். பாறையும் பள்ளமுமாக இருக்கும் மலைச்சரிவில் இறங்குவது மவுண்டன் பைக்கிங். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிராவல் பைக்கிங். செம்மண் பாதை, சரளைக்கல் ரோடு, கால்வாய்க் கரை, தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை, இவற்றில் நீண்ட தூரம் ஓட்டுவது. நடுவில் தார் ரோடு வந்தாலும் பிரச்னை இல்லை.

இதை இப்போது பிரபலமாக்கியது அமெரிக்கா. கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சின்ன ஊரில் 2006ல் ஒரு போட்டி நடந்தது. கலந்துகொண்டவர்கள் வெறும் 34 பேர். தூரம் 200 மைல், அதாவது சுமார் 322 கி.மீ. மதுரையில் கிளம்பினால் விழுப்புரத்தையும் தாண்டிவிடும் தூரம். அத்தனையும் பெரும்பாலும் கல்லும் மண்ணுமான பாதை. இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் நடக்கும் அந்தப் போட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 2022 அக்டோபரில் சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ, இத்தாலியின் வெனட்டோ பகுதியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது.

போட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் ரொம்ப எளிமையானது. பின்னால் லாரி ஹாரன் அடிக்காது.

சாலையை விட்டு ஏன் இறங்க வேண்டும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

மதுரையைச் சுற்றி நான்கு வழிச்சாலைகள் எல்லாப் பக்கமும் போகின்றன. அதில் அதிகாலை 5 மணிக்கு சைக்கிள் ஓட்டுபவர் நம்பியிருப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பின்னால் வரும் டிரைவர் தூங்காமல் இருக்க வேண்டும். ஹெல்மெட்டும் சிவப்பு விளக்கும் உதவும். ஆனால் 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கு முன்னால் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

மண் பாதையில் விழுந்தால் முட்டி சிராய்க்கும். சில நேரம் எலும்பு முறியலாம். ஆனால் அங்கே எதிரில் வருவது டிராக்டரோ, டிவிஎஸ் எக்ஸெல்லோ, ஆட்டுக் கிடையோதான். புதிதாக சைக்கிள் பழகும் பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகளோடு ஓட்ட நினைக்கும் பெற்றோர்கள் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் பெரிது.

அந்த சைக்கிளில் அப்படி என்ன ஸ்பெஷல்?

பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் நான்கு விஷயங்கள் வேறு.

முதலில் டயர். ரோடு சைக்கிளில் டயர் அகலம் 25 முதல் 32 மி.மீ. வரை. கிராவல் சைக்கிளில் 35 முதல் 50 மி.மீ. வரை. அகலம் கூடும்போது காற்றைக் குறைத்து வைக்கலாம். ஒல்லியான ரோடு டயரில் 80 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடைப்பார்கள். 40 மி.மீ. டயரில் ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 30 முதல் 40 போதும்.

காற்று குறைந்தால் மிதிக்கக் கஷ்டமாக இருக்குமே என்று தோன்றும். தார் ரோட்டில் ஓரளவு உண்மைதான். மண் பாதையில் நடப்பது வேறு. டயர் கல் மாதிரி இறுகி இருந்தால், ஒவ்வொரு சின்னக் கல்லிலும் சைக்கிளும் அதன் மேல் இருக்கும் ஆளும் சேர்ந்து துள்ள வேண்டும். ஒவ்வொரு துள்ளலும் நீங்கள் மிதித்த சக்தியைத் தின்கிறது. காற்று குறைவாக இருந்தால் டயர் அந்தக் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும். உடம்பு அதிராது, பிடிமானமும் கூடும்.

இரண்டாவது கியர். முன்னால் 40 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் ஒரு சுற்றைக்கூட முழுசாகச் சுற்றாது. வேகம் வராது. ஆனால் சரளை ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

மூன்றாவது பிரேக். சேறும் மண்ணும் ஒட்டினாலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக். நான்காவது உடல் அமைப்பு. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம். முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதனால் புழுதியில் சக்கரம் வழுக்கினாலும் சட்டென்று திரும்பிக் கவிழ்க்காது.

இதெல்லாம் தாத்தாவின் சைக்கிளிலேயே இருந்ததே?

ஆமாம், பெரும்பாலும் இருந்தது. ஊரில் பால் கேனும், வாழைத்தாரும், நெல் மூட்டையும் சுமந்த கறுப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள். அதன் டயர் அளவு 28 x 1½. அதாவது அகலம் ஒன்றரை அங்குலம், சுமார் 38 மி.மீ. இன்றைய கிராவல் டயரின் அகலமும் கிட்டத்தட்ட அதுதான். நீண்ட உடல், நன்றாகச் சாய்ந்த ஃபோர்க், பெரிய சக்கரம் எல்லாமே மோசமான பாதைக்காகச் செய்யப்பட்டவை. அந்தக் காலத்தில் கிராமத்துக்குத் தார் ரோடு கிடையாது. எல்லாப் பயணமும் கிராவல் பயணம்தான்.

இல்லாதது கியரும் நல்ல பிரேக்கும். எடையும் அதிகம், 20 கிலோவைத் தொடும்.

தமிழ்நாட்டுக்கு சைக்கிளோடு இன்னொரு உறவும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அவர்கள் ஓட்டியதும் பெரும்பாலும் மண் பாதையில்தான். குவாரி வேலைக்கும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் ஓட்டினார்கள். பின்னாளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் திட்டமும் வந்தது. ஆக, மண் ரோட்டு சைக்கிள் நமக்கு இறக்குமதி அனுபவம் கிடையாது. பேர் மட்டும்தான் புதுசு.

மதுரை மண் இதற்கு ஏற்றதா?

ரொம்பவே. மதுரை சமவெளிதான். ஆனால் அந்தச் சமவெளியில் யானைமலை, நாகமலை, சமணர் மலை, பசுமலை, அரிட்டாபட்டிக் குன்றுகள் என்று பாறைகள் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும். வடக்கே அழகர்மலை, வடமேற்கே சிறுமலை. இந்தப் பாறைகள் காலப்போக்கில் உதிர்ந்து உருவான சரளை கலந்த செம்மண், மழை பெய்த மறுநாளே காய்ந்து இறுகிவிடும். சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை கிடைப்பது கஷ்டம்.

ஆனால் தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் போனால் கதை மாறும். அது கரிசல். கோடையில் வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் களி மாதிரி அப்பிக்கொள்ளும். பத்தடி போவதற்குள் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் மண் அடைத்து சக்கரம் சுற்றவே சுற்றாது. மழைக்காலத்தில் கரிசல் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

ஓட்ட ஏற்ற மாதங்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது ஓட்டுவதென்றால் விடியும்போது கிளம்பி 8 மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

எங்கே ஓட்டலாம்?

கீழே உள்ளவை தொடங்குவதற்கு ஏற்ற நான்கு திசைகள். பாதைகளின் நிலை மழைக்கும் அறுவடைக்கும் ஏற்ப மாறும். அதனால் கிளம்பும் முன் வரைபடத்தில் பார்த்துவிட்டு, வழியில் ஊர்க்காரர்களிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

1. கீழடி பக்கம் (புதியவர்களுக்கு)

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில், சிவகங்கை மாவட்ட எல்லையில் இருக்கிறது கீழடி. ஏற்றமே இல்லாத வைகைச் சமவெளி. தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், வயல் நடுவே மண் பாதைகள். 2014-15ல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வுதான் இந்த ஊரை உலகத்துக்குக் காட்டியது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. காலையில் ஓட்டிவிட்டு அருங்காட்சியகம் பார்த்துத் திரும்பலாம்.

2. நாகமலை - கீழக்குயில்குடி - சமணர் மலை

நகரத்துக்கு மேற்கே, அரை மணி நேர ஓட்டத்தில் இந்தப் பகுதி வந்துவிடும். நாகமலை நீளமாகப் படுத்திருக்கும் பாம்பு மாதிரி தெரியும். கீழக்குயில்குடியில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள், அதற்குப் பின்னால் சமணர் மலை. மலை மேல் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அங்கிருந்து முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம் பக்கம் போனால் தமிழி கல்வெட்டுகளோடு சமணர் படுக்கைகளைப் பார்க்கலாம்.

சைக்கிள் அடிவாரம் வரைதான். மேலே ஏறுவது நடந்துதான். இவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். பாறையில் பேர் எழுதினாலோ கீறினாலோ 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

3. பெரியாறு கால்வாய் - கள்ளந்திரி - அழகர்மலை அடிவாரம்

1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து வைகையில் சேர்கிறது. பேரணையிலிருந்து பிரியும் பிரதான கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கமாக வந்து கள்ளந்திரியைத் தொட்டு மேலூர் பக்கம் போகிறது. மேலூர் பகுதி நெல்வயல்களுக்கு உயிர் இந்தத் தண்ணீர்தான்.

கால்வாய்க் கரை கிராவல் சைக்கிளுக்குப் பிடித்த இடம். தண்ணீர் சரிவைப் பார்த்துப் போவதால் பாதையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் வளைந்து வளைந்து போகும். ஆனால் வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் எச்சரிக்கை தேவை. கரை ஈரமாக இருக்கும், உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்களுக்கே ஏறுவது கஷ்டம்.

4. அரிட்டாபட்டி - மாங்குளம்

மேலூர் பக்கம் உள்ள இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஏழு குன்றுகள், ஏராளமான ஏரி, குளங்கள், பாறைகளுக்கு நடுவே ஊறும் சுனைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு உட்பட சுமார் 250 பறவை இனங்கள். எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், தமிழி கல்வெட்டும் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் கல்வெட்டுகள், தமிழ்நாட்டின் பழமையான எழுத்துச் சான்றுகளில் முக்கியமானவை. ராபர்ட் சீவெல் 1882லேயே அதைக் கண்டறிந்தார்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

அந்தப் பாதைகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

அங்கே ஓட்டப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அறிவிப்பு வந்து இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி என்ற பேரில் 2,015 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. பாரம்பரியத் தலத்தின் பெரும்பகுதியும் அந்த எல்லைக்குள் வந்தது. அரிட்டாபட்டியைச் சுற்றியுள்ள கிராமங்கள் கொந்தளித்தன. டிசம்பர் 9ம் தேதி சட்டப்பேரவையில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்கள் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23ம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது.

இதே மேலூர் பகுதி அதற்கு முன்பே கிரானைட் குவாரிகளால் குன்றுகளை இழந்த பகுதி. 2012ல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். குன்று போனால் சுனை போகும். சுனை போனால் கண்மாய்க்கு வரும் தண்ணீர் குறையும். கண்மாய் வற்றினால் அந்தக் கரையும் அதன் மேல் போகும் பாதையும் யாருக்கும் தேவைப்படாமல் போகும். கீழவளவு பக்கம் பாதி அறுபட்டு நிற்கும் பாறைகளைப் பார்த்தால் இது புரியும்.

வரைபடத்தில் இது ஒரு அமைதியான பாதையாக மட்டும்தான் தெரியும். அந்த அமைதி சும்மா வந்ததில்லை, ஊரே தெருவில் இறங்கி நின்றதால் கிடைத்தது.

அனுமதி தேவையா? யாரிடம் கேட்பது?

சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை. ஆனால் பாதை யாருடையது என்பதுதான் கேள்வி. கிராமத்தில் நிலம் நான்கு வகையாக உங்கள் முன் வரும்.

வண்டிப்பாதைப் புறம்போக்கு: வருவாய்த் துறைக் கணக்கில் பாதை என்றே பதிவாகியிருக்கும். பொதுமக்கள் எல்லோரும் போகலாம்.

நீர்நிலைப் புறம்போக்கு: கண்மாய்க் கரை, கால்வாய்க் கரை. நடக்கவும் சைக்கிளில் போகவும் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. ஆனால் மதகு, ஷட்டர், அணைப் பகுதிகளில் 'நுழையக் கூடாது' என்று பலகை இருந்தால் அதோடு நின்றுவிட வேண்டும்.

பட்டா நிலம்: தனியார் தோட்டம். வரப்பில் ஓட்டவே கூடாது. பாதை மாதிரி தெரிந்தாலும் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

காப்புக்காடு: அழகர்மலை, சிறுமலை போன்ற மலைகளில் பெரும்பகுதி இதுதான். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். அடிவாரத்தில் வனத்துறையின் எல்லைக்கல், பலகை, செக்போஸ்ட் எது தெரிந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். சிறுமலைப் பக்கம் காட்டெருமை நடமாட்டமும் உண்டு.

ஒரு பாதை எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் தமிழக வருவாய்த் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேடு விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம்.

காட்டு விதிகள் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு தேதி போதும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். ஆனால் அது நடைபயணத்துக்கான திட்டம். சைக்கிளோடு போகலாம் என்று அதை வைத்து நினைத்துவிட வேண்டாம்.

ஊருக்குள் எப்படி நடந்துகொள்வது?

கண்மாய்க் கரை என்பது களிமண்ணும் செம்மண்ணும் போட்டு அடித்த அணை. மழை பெய்து ஊறியிருக்கும்போது அதன் மேல் கூட்டமாக ஓட்டினால் சக்கரத் தடம் பள்ளமாகும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாக ஓடி கரையை அறுக்கும். நமக்கு அது ஒரு நாள் பயணம், ஊருக்கு அது ஒரு போகம். கரை காயும்வரை காத்திருங்கள். கலுங்கில் தண்ணீர் மறுகால் பாயும்போது, முழங்கால் ஆழம்தானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கவும் கூடாது. அடியில் பாசி இருக்கும்.

ஆட்டுக் கிடை வந்தால் பெல் அடிக்காமல் ஓரமாக நின்றுவிடுங்கள். பொங்கலை ஒட்டிய வாரங்களில் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் ஜல்லிக்கட்டுக் காளைகளை நடைப்பயிற்சிக்கு ஓட்டிவருவார்கள். தூரத்தில் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, பிடித்து வருபவர் கை காட்டிய பிறகு போவதுதான் நல்லது. கோயில் காட்டுக்குள்ளும் அய்யனார் கோயில் எல்லையிலும் செருப்பைக் கழற்றும் வழக்கம் இருந்தால் நீங்களும் ஷூவைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

வழி தெரியவில்லை என்றால் "அண்ணே, இந்தப் பாதை எங்க போகுது?" என்று கேட்டாலே போதும். எந்த ஆப்பும் சொல்லாத தகவல் எல்லாம் வரும். எந்தத் தோட்டத்தில் நாய் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள் என்பது உட்பட.

என்னென்ன ஆபத்து? எப்படிச் சமாளிப்பது?

முள்: மதுரைப் பக்கம் பஞ்சருக்கு இரண்டு காரணம். ஒன்று சீமைக்கருவேல முள், இன்னொன்று தரையோடு படரும் நெருஞ்சி முள். ட்யூப் இல்லாத டயரில் சீலண்ட் என்ற திரவத்தை ஊற்றி வைத்தால் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். சாதாரண டயர் என்றால் இரண்டு உபரி ட்யூப், பஞ்சர் பட்டை, கைப்பம்ப் கட்டாயம். புது ட்யூப் போடும் முன் டயருக்குள் விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

நாய்: துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். மண் பாதையில் அப்படித்தான் பலர் விழுகிறார்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பாம்பு: அதிகாலையிலும் அந்தியிலும் பாதையோரப் புல்லில் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்குவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் தப்பு. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போவது மட்டும்தான் வழி.

வெயில்: இரண்டு பாட்டில் தண்ணீர் குறைந்தபட்சம். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்பும் வேண்டும். வழியில் மோரோ, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸோ, நீராகாரமோ எது கிடைத்தாலும் நல்லது. தலைசுற்றல், குமட்டல் வந்தால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது.

சிக்னல்: குன்றுகளுக்குப் பின்னால் போன் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோடு செய்யுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எவ்வளவு செலவாகும்?

கிராவல் என்று பேர் போட்ட சைக்கிள்கள் இந்தியாவில் சில பத்தாயிரங்களில் தொடங்கி சில லட்சங்கள் வரை போகின்றன. 2025 செப்டம்பரில் சைக்கிள்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது ஓரளவு ஆறுதல்.

ஆனால் தொடங்க அது தேவையில்லை. வீட்டில் ஹைப்ரிட் சைக்கிள் இருந்தால் அதன் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் இடம் இருக்கிறதா பாருங்கள். 38 அல்லது 40 மி.மீ. டயர் உள்ளே போனால், டயரை மட்டும் மாற்றிக் காற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. பிள்ளைகளின் மவுண்டன் சைக்கிள் இருந்தால் மாற்ற எதுவுமே இல்லை. வேகம் குறையும், அவ்வளவுதான். பழைய கறுப்பு சைக்கிள் இருந்தால் பிரேக் கட்டையை மட்டும் புதுசாக மாற்றி ஓவராயில் செய்யுங்கள். அப்புறம் ஹெல்மெட், கைப்பம்ப், இரண்டு ட்யூப், தண்ணீர்.

முதல் நாள் 50 கி.மீ. எல்லாம் வேண்டாம். மண் பாதையில் 15 கி.மீ. ஓட்டுவது தார் ரோட்டில் 25 கி.மீ. ஓட்டியதுபோல உடம்பை வாங்கும். கீழடிப் பக்கம் ஒரு ஞாயிறு காலை, நெருங்கிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, விடியும்போது கிளம்பி இட்லிக்கடை நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். பிடித்திருந்தால் அடுத்த வாரம் நாகமலை. அரிட்டாபட்டியை மழை விட்ட பிறகு, குன்றுகள் பச்சையாகவும் சுனைகளில் தண்ணீரோடும் இருக்கும் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.